ஊர்க் கண்மாயை உயிர்களோடு மீட்டெடுக்க: படிப்படியான முழு வழிகாட்டி

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர், புதுக்கோட்டை மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழையை நம்பி நிறையும் கண்மாய்களை, அதாவது பாசன ஏரிகளை, மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். தம் ஊர்க் கண்மாயைச் சீரமைக்க முன்வரும் இளைஞர்கள், பாசனச் சங்கத்தினர், ஊராட்சிப் பிரதிநிதிகள் ஆகியோருக்கு இது பயன்படும். வற்றாத ஏரிகளுக்கும் நகருக்குள் கழிவுநீர் கலக்கும் ஏரிகளுக்கும் இதில் பாதிதான் பொருந்தும்.

இத்தகைய பணிகளில் சில ஆண்டுகள் உடன் நின்று பார்த்ததில், பெரும்பாலான பிழைகள் வேலையின் வரிசை மாறியதால் நேர்ந்தவை என்பதை உணர்ந்தேன். நன்கொடை சேர்ந்த மறுநாளே பொக்லைன் வந்துவிடுகிறது. அதற்கடுத்த வாரம் மரக்கன்றுகள் வந்துவிடுகின்றன. கண்மாயில் ஏற்கெனவே என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்ற கேள்வி எல்லாம் முடிந்த பிறகுதான் எழுகிறது. அப்படி முடிந்த கண்மாய்களில் தண்ணீர் நிற்கிறது, ஆனால் நாரை இறங்குவதில்லை.

தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டின் (ஊர் நிலங்களின் பதிவேடு) நகல், கண்மாயின் புல வரைபடம், தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டு, ஒரு தொலைநோக்கி, ஊரில் நீர்பாய்ச்சியாக, அதாவது மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுபவராக, இருந்த ஒருவரின் துணை. கடைசியாகச் சொன்னது இல்லாமல் மற்றவை போதா. எந்த மடை முதலில் வாய் திறக்கும், எந்த மூலையில் கடைசித் தண்ணீர் நிற்கும் என்பதை வரைபடம் காட்டாது, அவர் காட்டுவார்.

1. கண்மாய் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதை உறுதிசெய்தல்

பொதுவாக 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு.

ஒரே கண்மாயில் பல துறைகளின் கை இருக்கும். கரையும் மடையும் ஒரு துறைக்கும், உள்வாயில் (கண்மாய்க்குள் தண்ணீர் தேங்கும் பரப்பு) நட்டு வளர்த்த கருவேல மரங்கள் வனத்துறைக்கும், மீன்பாசி (மீன்பிடி உரிமை) குத்தகை மற்றொரு அமைப்புக்கும் உரியதாக இருக்கலாம். எல்லாருடைய எழுத்துப்பூர்வ அனுமதியும் வேலைக்கு முன்பே தேவை. வாய்மொழி ஒப்புதல் அதிகாரி மாறியதும் இல்லாமல் போய்விடும்.

புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு எல்லையை நடந்து பாருங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அகற்றும் வேலையை நீங்களே கையில் எடுக்க வேண்டாம். 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் அளவீடு, அறிவிப்பு, அகற்றல் என்ற வரிசையை வகுத்திருக்கிறது. அந்த வழியில் போனால்தான் ஊருக்குள் பகை வளராது.

2. ஓராண்டு பார்த்து எழுதுதல்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிச் செல்ல விரும்புகிறார்கள். ஆனால் கண்மாய் ஓராண்டில் மூன்று வேறு நிலங்களாக மாறுகிறது. கார்த்திகையில் நீர்ப்பரப்பு, மாசியில் சேறும் புல்லும் கலந்த கரையோரம், வைகாசியில் வெடித்த தரை. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு உயிர்கள் வாழ்கின்றன. வைகாசியில் மட்டும் பார்த்தவருக்கு அது வெறும் தரிசாகத் தோன்றும்.

மாதம் ஒருமுறையாவது, அதே இடத்தில், அதே நேரத்தில் நின்று பறவைகளை எண்ணுங்கள். பொங்கலையொட்டி மாநிலம் முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டால் எண்ணும் முறையைப் பழகிவிடலாம். குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்ததை எல்லாம் பட்டியலிடுவதே அதன் அடிப்படை. இனம் தெரியாத பறவையை ஊகித்து எழுதாமல், அலகின் வடிவத்தையும் காலின் நிறத்தையும் குறித்து வையுங்கள்.

மீன்களைப் பட்டியலிட மிகச் சிறந்த நாள், தண்ணீர் வற்றும்போது ஊர் கூடி இறங்கும் மீன்பிடித் திருவிழா. ஊத்தா, கச்சா ஆகிய மீன்பிடி கருவிகளில் சிக்கியவற்றைக் கரையில் நின்று பார்த்தாலே விரால், குரவை, கெளுத்தி, ஆரால், அயிரை, உளுவை என்று பட்டியல் வளரும். கூடவே, முன்பு கிடைத்து இப்போது கிடைக்காத மீன் எது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில் பின்னால் பல முடிவுகளுக்கு உதவும்.

உங்கள் ஊராட்சியில் உயிரியல் பன்மயச் சட்டம், 2002இன்படி அமைக்கப்பட்ட பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். பல ஊர்களில் அது காகிதத்தில் மட்டும் இருக்கிறது. தலைவரைச் சந்தித்து, உங்கள் நோட்டில் உள்ளவற்றை அந்தக் குழுவின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். தனிமனிதர் நோட்டில் இருக்கும் தகவல் கருத்தாகவே இருக்கும். பதிவேட்டில் ஏறிய பிறகு அதை எந்த அலுவலகத்திலும் சான்றாக முன்வைக்கலாம்.

3. கண்மாயை நம்பி வாழ்பவர்களை ஒரே இடத்தில் அமர வைத்தல்

ஆயக்கட்டுதாரருக்குத் தண்ணீர் கடைசி வரை வேண்டும். மீன்பாசி குத்தகை எடுத்தவருக்குத் தண்ணீர் சீக்கிரம் இறங்க வேண்டும். ஆடு மாடு மேய்ப்பவருக்கு உள்வாய்ப் புல் வேண்டும். சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவருக்கு அந்த மரமே வேண்டும். இவர்களில் ஒருவரை விட்டுவிட்டுப் போடும் திட்டம் அவரிடமே முறிந்துவிடும்.

நிலமற்றவர்களும் பெண்களும் பொதுவாக இந்தக் கூட்டங்களுக்கு அழைக்கப்படுவதில்லை. ஆனால் விறகு, கீரை, கோரை, நத்தை எல்லாம் எங்கே கிடைக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் வேலை முடித்து வரும் மாலை நேரத்தில், கண்மாய்க் கரையிலேயே கூட்டத்தை வையுங்கள்.

பேசி முடித்ததைக் கிராம சபைத் தீர்மானமாக்குங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று நடக்கும் கிராம சபை இதற்குப் பொருத்தமானது, ஏனெனில் கோடையில் தொடங்கும் வேலைக்கு அது இரண்டு மாதம் முன்னால் வருகிறது. தீர்மானத்தில் 'கண்மாயைச் சீரமைப்பது' என்று பொதுவாக எழுதாமல், எந்தப் பகுதியைத் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதையும் எழுதச் செய்யுங்கள்.

4. தொடக்கூடாத பகுதியை முதலில் குறித்தல்

வரைபடத்தில் வேலை செய்யும் இடத்தைக் குறிப்பதற்கு முன், வேலை செய்யக்கூடாத இடத்தைக் குறியுங்கள். இந்த ஒரு பழக்கம் பல இழப்புகளைத் தடுக்கும்.

பறவைகள் கூடு கட்டும் மரக்கூட்டம், அது எந்த மரமாக இருந்தாலும், முதலில் குறிக்கப்பட வேண்டும். அடுத்தது கடைசித் தண்ணீர் நிற்கும் பள்ளம். கோடையில் மீன்குஞ்சும் ஆமையும் பிழைத்திருப்பது அங்கேதான். மூன்றாவது, கரைக்கு எதிர்ப்புறம் தண்ணீர் கடைசியில் ஏறி முதலில் வடியும் ஆழமற்ற ஓரம். உள்ளான் கணுக்கால் ஆழத்திற்கும் குறைந்த நீரில் இரை தேடும்; நாரையும் கொக்கும் முழங்கால் ஆழம் வரை இறங்கும்; நீர்க்காகத்திற்கும் முக்குளிப்பானுக்கும் ஆழம் வேண்டும். ஆழமற்ற ஓரத்தை வெட்டிவிட்டால் முதல் இரண்டு கூட்டமும் வேறு கண்மாய் தேடிப் போய்விடும்.

என் மதிப்பீட்டில், ஒரே கோடையில் உள்வாயின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கலைக்கக்கூடாது. மீதமுள்ள பகுதியிலிருந்துதான் விதையும் நத்தையும் பூச்சியும் கலைத்த பகுதிக்குத் திரும்பி வரும்.

5. தண்ணீர் வரும் வழியைச் சரிசெய்தல்

உள்வாயைத் தோண்டுவதற்கு முன் வரத்துக் கால்வாயைச் சரிசெய்யுங்கள். தண்ணீர் வந்து சேராத கண்மாயில் எவ்வளவு தோண்டினாலும் கிடைப்பது ஆழமான வறண்ட பள்ளம்தான்.

கால்வாயின் தலைப்பிலிருந்து கண்மாய் வரை நடந்து, அடைப்பு உள்ள இடங்களை ஒவ்வொன்றாகக் குறியுங்கள். சாலைக்கு அடியில் போட்ட சிறிய குழாய், கட்டடக் கழிவு, வயலோரம் நகர்ந்து வந்த வரப்பு ஆகியவையே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

கால்வாயைச் சுத்தம் செய்யும்போது இரு கரையிலும் உள்ள நாணல், கோரை, நொச்சி ஆகியவற்றை முழுதாக வழித்தெடுக்க வேண்டாம். அவற்றின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. அவற்றை எடுத்தால் அடுத்த மழையில் அந்த மண்ணெல்லாம் கண்மாய்க்குள் வந்து சேரும். கால்வாய்க்குத் தளமும் சுவரும் கான்கிரீட்டில் போடலாம் என்று யாரேனும் முன்வந்தால், மண் அரிக்கும் வளைவுகளில் மட்டும் போதும் என்று சொல்லுங்கள். முதல் வெள்ளத்தில் எதிரேறி வந்து முட்டையிடும் மீன்களுக்கு மண் கால்வாயும் புல்லும் தேவை.

மறுகால் போகும், அதாவது மிகுந்த தண்ணீர் வழிந்து வெளியேறும், கலங்கலின் மீது மணல் மூட்டை அடுக்கி நீர்மட்டத்தை உயர்த்தும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. இதைச் செய்யவே கூடாது. கலங்கலின் உயரம் கரையின் வலுவைக் கணக்கிட்டு வைக்கப்பட்டது. பெருமழையில் வெளியேற வழியில்லாத தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு வெளியேறும். கீழ்க் கண்மாய்க்குப் போக வேண்டிய தண்ணீரும் தடைபடும்.

6. தூர் வாருதல்

அதிகப் பணமும் அதிகச் சேதமும் இந்தப் படியில்தான் நேர்கின்றன. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

காலம்: வைகாசி முதல் ஆவணி வரை. அதற்கு முன் தொடங்கினால், தாமதமாகக் கூடு கட்டிய பறவைகளின் குஞ்சுகள் மரத்தில் இருக்கக்கூடும். புரட்டாசியைத் தாண்டினால் மழை வந்து, கலைத்த மண் எல்லாம் மடைக்குள் இறங்கும். கூட்டையும் முட்டையையும் சேதப்படுத்துவது 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை ஒப்பந்ததாரருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அனுமதி: விவசாயிகள் தம் வயலுக்குக் கரம்பை மண்ணை (கண்மாய் வண்டலை) இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு வழிசெய்திருக்கிறது. மாவட்ட அரசிதழில் இடம்பெற்ற கண்மாய்களுக்கு வட்டாட்சியரே அனுமதி தரும் நடைமுறை 2024இல் வந்தது. ஏக்கருக்கு நன்செய் என்றால் 75 கன மீட்டர், புன்செய் என்றால் 90 கன மீட்டர் என்பது வரம்பு. இந்த வழியைப் பயன்படுத்துவது எல்லா வகையிலும் நல்லது. கண்மாய்க்குப் பாரமாக இருந்த வண்டல் வயலுக்கு உரமாகிறது. கரையோரம் குவிந்து கிடந்து மீண்டும் உள்ளே சரிவதில்லை.

ஆழம்: வண்டல் முடிந்து களிமண் தளம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அந்தக் களிமண்தான் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. அதை உடைத்து அடியில் உள்ள மணலைத் தொட்டால், நிறைந்த கண்மாய் தைக்குள் இறங்கிவிடும். வண்டல் என்ற பெயரில் மணல் தோண்டி விற்க முயல்வோர் விரும்புவதும் அந்த மணலைத்தான். ஆகவே எந்திரம் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் ஊர்க்காரர் ஒருவர் அருகில் நிற்க வேண்டும். போகும் நடைகளின் எண்ணிக்கையை நோட்டில் எழுத வேண்டும்.

பள்ள மடையின், அதாவது மிகத் தாழ்வான மடையின், மட்டத்திற்குக் கீழே தோண்டும் ஆழம் பாசனத்திற்கு உதவாது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தத் தண்ணீர் உயிர்களுக்கானது. கோடையில் கால்நடைக்கும் மீனுக்கும் ஒரு பள்ளம் வேண்டும் என்றால், ஓரிடத்தில் மட்டும் அந்த ஆழத்திற்குப் போகலாம். கரையடியை ஒட்டித் தோண்டவே கூடாது. எவ்வளவு தள்ளி என்பதைப் பொறியாளர் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்ட வேண்டும்.

வடிவம்: பள்ளத்தின் ஓரங்கள் செங்குத்தாக இருக்கக்கூடாது. ஓர் அடி இறங்க மூன்று அடியாவது நடக்கும்படியான சரிவு வேண்டும்; இடம் இருந்தால் இன்னும் மெல்லிய சரிவு நல்லது. செங்குத்துப் பள்ளத்தில் இறங்கிய மாடு ஏற முடியாது. குளிக்கப் போகும் குழந்தைக்கு அடுத்த அடியில் ஆழம் காத்திருப்பது தெரியாது. சரிவான ஓரத்தில்தான் தண்ணீர் இறங்க இறங்கப் புதுச் சேறு வெளிப்பட்டு, பறவைகளுக்கு ஒவ்வொரு வாரமும் புது மேய்ச்சல் கிடைக்கும்.

எடுத்த மண்ணில் ஒரு பகுதியைக் கொண்டு உள்வாயில் இரண்டு மூன்று திட்டுகள் அமைக்கலாம். நிறை நீர்மட்டத்திற்கு மேல் தலை தெரியும்படியும், நாயும் ஆடும் எளிதில் ஏறாதபடி தண்ணீர் சூழும்படியும் இருக்க வேண்டும். பக்கங்கள் சரிவாக இல்லாவிட்டால் அலை இரண்டே மழைக்காலத்தில் கரைத்துவிடும். மேலே நாட்டுக் கருவேலம் நடுவதற்கு இடம் விடுங்கள்.

எந்திரத்திற்கு முன்னால் ஒருவர் நடந்து செல்வது: இதை ஒரு தனி வேலையாக ஒருவரிடம் ஒப்படையுங்கள். வெறுந்தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே ஆட்காட்டி நான்கு முட்டைகள் இடும். அவை மண் நிறத்திலேயே இருப்பதால் ஓட்டுநரின் இருக்கையிலிருந்து தெரியவே தெரியாது. தலைக்கு மேல் பறவை கத்திக்கொண்டே சுற்றினால், நின்று தேடுங்கள். முட்டை கிடைத்தால் நான்கு பக்கமும் குச்சி நட்டு, குஞ்சு வெளிவரும் வரை அந்த இடத்தை விட்டுவிட வேண்டும்.

முதன்முதலில் நான் உடனிருந்த வேலையில் இப்படி யாரையும் நடக்கவிடவில்லை. மூன்றாம் நாள், வாளி தூக்கிய சேற்றுக் கட்டிக்குள்ளிருந்து ஓடு பிளந்த ஒரு பால் ஆமை விழுந்தது. கோடையில் அது சேற்றுக்குள் புதைந்து உறங்கும் என்பது எங்களில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்த மேய்ப்பர் ஒருவர் வந்து, "இந்த மூலையில எப்பவுமே கிடக்கும், என்னைக் கேட்டிருக்கலாமே" என்றார். அன்று முதல், வேலை தொடங்கும் முன் மேய்ப்பர்களைக் கூட்டிக்கொண்டு உள்வாயைச் சுற்றி வராமல் நான் எந்திரத்தை இறக்க ஒப்புக்கொள்வதில்லை. ஆமை உயிரோடு கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது. அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். வனத்துறைக்குச் சொல்லி, அவர்கள் சொல்வதுபோல் அதே கண்மாயின் தொடாத பகுதியில் ஈரமான சேற்றில் விடலாம்.

7. சீமைக் கருவேலத்தை அகற்றுதல்

வெட்டினால் போதாது, தூரோடு பிடுங்க வேண்டும். தரை மட்டத்தில் வெட்டிய மரம் அடுத்த மழையில் பல கிளைகளாகத் துளிர்த்து முன்பைவிட அடர்ந்துவிடும். எந்திரத்தால் தூரைப் புரட்டி எடுத்து, குழியை மூடி, தூரை உள்வாயில் போட்டுவைக்காமல் வெளியே கொண்டுசெல்லுங்கள்.

நெற்றுகள் உதிர்வதற்கு முன் எடுப்பது நல்லது. ஆடும் மாடும் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புகின்றன. மண்ணுக்குள் ஏற்கெனவே விழுந்துகிடக்கும் விதைகள் ஆண்டுக்கணக்கில் முளைத்துக்கொண்டே இருக்கும். எனவே, அகற்றிய அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு, மழை நின்ற பின் ஈரம் இருக்கும்போதே கையால் கன்று பிடுங்கும் ஆட்களுக்கான கூலியையும் முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். இதைச் சேர்க்காத திட்டங்கள் எல்லாம் நான் பார்த்தவரையில் பழைய நிலைக்கே திரும்பிவிட்டன.

இந்த மரம் கேடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் வேறு மரம் இல்லாத கண்மாய்களில் கொக்கும் வக்காவும் இதில்தான் கூடு கட்டுகின்றன. அங்கே ஒரே கோடையில் எல்லாவற்றையும் அகற்றினால், கார்த்திகையில் வரும் பறவைக்கு உட்கார இடம் இருக்காது. கூடுள்ள மரங்களைக் கடைசியாக வைத்துக்கொண்டு, மாற்று மரங்கள் கிளை விரித்த பிறகு எடுக்க வேண்டும்.

நீரில் உள்ள ஆகாயத் தாமரையையும் ஓரத்தில் உள்ள நெய்வேலிக் காட்டாமணக்கையும் இதே வேலையோடு அகற்றலாம். காட்டாமணக்கின் தண்டுத் துண்டு ஈர மண்ணில் விழுந்தாலும் வேர் விடும் என்பதால், வெட்டியதை எண்ணி எடுப்பதுபோலக் கவனமாக எடுக்க வேண்டும். அல்லி, கோரை, சம்பு ஆகியவற்றைக் களை என்று நினைத்து வழித்துவிடாதீர்கள். இலைக்கோழி நடப்பது அல்லியின் மேல். தாழைக்கோழி மறைவது சம்புக்குள். மடை வாயை அடைக்கும் இடத்தில் மட்டும் குறைத்தால் போதும்.

8. மரம் நடுதல்

நாட்டுக் கருவேலம் உள்வாய்க்கு ஏற்ற மரம். மாதக்கணக்கில் தண்ணீரில் நிற்கும், முள் இருப்பதால் கூட்டுக்குப் பாதுகாப்பு. விதையை வெந்நீரில் ஊறவைத்து விதைக்கலாம். ஆட்டுப் பட்டியில் கிடைக்கும் விதைகள் இன்னும் நன்றாக முளைக்கின்றன. திட்டிலும் நீர் எட்டும் ஓரத்திலும் மட்டும் நடுங்கள். உள்வாய் முழுவதையும் தோப்பாக்கினால் திறந்த நீர்ப்பரப்பை விரும்பும் வாத்துகளுக்கு இடமிருக்காது.

கரையின் மேல் பெருமரங்கள் வேண்டாம். காய்ந்த வேர் விட்டுச்செல்லும் துளை வழியே நீர் கசிந்து கரை உடையக்கூடும். கரையின் வெளி அடிவாரத்தில் பனையும், சற்றுத் தள்ளிய புறம்போக்கில் மருது, நாவல், புங்கன், இலுப்பை, ஆல், அரசு ஆகியவையும் பொருந்தும். ஒரே நாளில் ஆயிரம் கன்று நட்டுப் படம் எடுப்பதைவிட, இரண்டு கோடை தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும் அளவுக்கு நடுவதே சரி.

9. மீன் குத்தகையின் நிபந்தனைகளை எழுதுதல்

குத்தகை பெரும்பாலும் பசலி ஆண்டுக் கணக்கில், ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். ஏலத்திற்கு முன்பே நிபந்தனைகள் எழுதப்பட வேண்டும். ஏலம் போன பின் பேசினால் குத்தகைதாரர் போட்ட முதலுக்கு இழப்பாகும், அவர் எதிர்ப்பதில் நியாயமும் இருக்கும்.

மூன்று நிபந்தனைகள் போதும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடக்கூடாது. அது நாட்டு மீன்களின் குஞ்சுகளைத் தின்று தீர்க்கும், அதை வளர்ப்பதற்கு நாட்டில் தடையும் இருக்கிறது. மீன் பிடிப்பதற்காகக் கடைசிப் பள்ளத்தை மோட்டார் வைத்து இறைக்கக்கூடாது. கூடு கட்டும் மாதங்களில் பறவைகளை விரட்ட வெடி போடக்கூடாது. கடைசி நிபந்தனை நடக்காது என்பவர்களுக்கு, சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை என்பதைச் சொல்லுங்கள்.

10. சட்டப் பாதுகாப்புக் கோருதல்

மூன்று ஆண்டுப் பதிவு கையில் சேர்ந்த பிறகு, பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கக் கோரலாம். 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37ஆம் பிரிவு இதற்கு இடமளிக்கிறது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் தலமாக அறிவிக்கப்பட்டது. ஈரோடு மாவட்டத்தில் எலத்தூர்க் குளம் 2025இல் அறிவிக்கப்பட்டது. பதிவு இல்லாமல் கோரிக்கை மட்டும் அனுப்பினால் அது கோப்பிலேயே தங்கிவிடும்.

அறிவிப்பு கிடைத்தால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக்கூடாது. அரிட்டாபட்டியை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்திற்கான ஏலம் 2024இல் நடந்தது. சுற்றியுள்ள ஊர்கள் கிராம சபைத் தீர்மானங்கள் போட்டு, மதுரை வரை நடந்து போராடிய பிறகுதான் 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அதனால் தீர்மானங்களின் நகல்களை ஊராட்சி அலுவலகத்தில் மட்டும் வைக்காமல், ஊரில் இரண்டு வீடுகளிலாவது வைத்திருங்கள்.

பறவை எண்ணும் நோட்டை, இப்போது எண்ணுபவருடன் கரையில் நிற்கும் பள்ளி மாணவர் ஒருவரிடம் மூன்றாம் ஆண்டிலேயே ஒப்படைத்து, ஓராண்டாவது இருவரும் சேர்ந்து எழுதச் செய்யுங்கள். அதே இடம், அதே நேரம் என்பது மாறினால் பழைய எண்ணிக்கையோடு புதியதை ஒப்பிட முடியாது. ஆகவே நிற்கும் இடத்தில் ஒரு கல்லை நட்டு வையுங்கள்.